சரஸ்வதிக்கு இந்தச் சேலையைக் கட்டிவிட்டது யார்? ஊர் ஊராகச் சுற்றி சாமி படம் வரைந்த ரவி வர்மாவின் கதை

வீட்டு பூஜை அறையில் சரஸ்வதி படம் இருந்தா ஒரு நிமிஷம் உத்துப் பாருங்க. தண்ணீர் ஓரத்துப் பாறையில் உட்கார்ந்திருப்பார். கையில் வீணை, பக்கத்தில் மயில், ஜரிகைக் கரை போட்ட வெள்ளைச் சேலை. சேலைக்குள் ரவிக்கையும் இருக்கும். லட்சுமி படம் என்றால் தாமரை மேல் நின்ற கோலம், பின்னால் யானை, உடம்பை முழுக்கச் சுற்றிய பட்டுச் சேலை.

இப்போ ஏதாவது ஒரு மியூசியத்தில் இருக்கும் சோழர் காலத்து உமாதேவி செப்புத் திருமேனியை நினைச்சுப் பாருங்க. இடுப்பில் மெல்லிய ஆடை, மேலே நகைகள் மட்டும்தான். சேலையும் இல்லை, ரவிக்கையும் இல்லை.

அப்போ நம்ம சாமிக்கு இந்தச் சேலை எங்கிருந்து வந்தது? அதைக் கட்டிவிட்டதில் பெரிய பங்கு ஒரு ஓவியருக்கும், அவர் தன் தம்பியோடு போன ஒரு நீண்ட தரைவழிப் பயணத்துக்கும் உண்டு. அவர்தான் ராஜா ரவி வர்மா. அந்தப் பயணத்தில் அவர் எதைத் தேடினார், என்ன கிடைத்தது, அது இன்றைக்கு வரை ஏன் பேசப்படுது என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ரவி வர்மா?

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த கிளிமானூர் அரண்மனையில் 1848 ஏப்ரல் 29-ம் தேதி பிறந்தவர். சின்ன வயதில் கரித்துண்டால் சுவரில் படம் வரைந்த பையனுக்கு, முதலில் ஓவியம் சொல்லிக்கொடுத்தது அவருடைய மாமா ராஜா ராஜ வர்மா. அவருக்குக் கைவந்தது தஞ்சாவூர் பாணி. அதாவது, பின்னாளில் இந்தியா முழுக்கப் பேசப்பட்ட ஓவியரின் முதல் பாடத்திலேயே தஞ்சாவூர் இருந்திருக்கிறது.

14 வயதில் திருவனந்தபுரத்தில் மன்னர் ஆயில்யம் திருநாளின் அரண்மனைக்கு வந்தார். ஐரோப்பியர்களின் எண்ணெய் வண்ண ஓவியத்தைக் கத்துக்கணும் என்று ஆசை. ஆனால் அங்கே அந்த வித்தை தெரிந்த அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடரான ஆறுமுகம் பிள்ளை என்பவர்தான் ரகசியமாக உதவினார் என்று வாழ்க்கை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1868-ல் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர், தான் வரையும்போது பார்த்துக்கொள்ள மட்டும் அனுமதித்தார். மீதியை ரவி வர்மா தானாகவே முயற்சி செய்து கற்றுக்கொண்டார்.

1873-ல் சென்னையில் நடந்த கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைப் பூ சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்குப் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு வியன்னா கண்காட்சியிலும் பாராட்டு. அடுத்த சில வருஷங்களில், துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலையை வரைந்தார். அதை அப்போதைய சென்னை மாகாண கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவே விலைக்கு வாங்கினார்.

ஊட்டியில் கிடைத்த ஆர்டர்

ரவி வர்மாவின் வாழ்க்கையில் ஒரு கும்பகோணத்துக்காரருக்கும் முக்கிய இடம் உண்டு. திருவிதாங்கூரில் திவானாக இருந்து, பிறகு பரோடா சமஸ்தானத்துக்கு திவானாகப் போன சர் டி.மாதவ ராவ். ரவி வர்மாவை பரோடாவுக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான். 1881-ல் பரோடா மன்னராக மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் முழு அதிகாரத்துடன் பொறுப்பேற்றபோது, அங்கே போய் அரச குடும்பத்தினரின் உருவப்படங்களை வரைந்தார் ரவி வர்மா.

1888-ல் சாயாஜிராவ் ஊட்டிக்கு வந்திருந்தபோது ரவி வர்மாவையும் அவருடைய தம்பி சி.ராஜராஜ வர்மாவையும் அங்கே வரவழைத்தார். புதிதாகக் கட்டப்பட்டுவந்த தன் லட்சுமி விலாஸ் அரண்மனைக்கு ராமாயண, மகாபாரதக் கதைகளிலிருந்து 14 பெரிய ஓவியங்கள் வேண்டும் என்று கேட்டார். சம்பளம் 50,000 ரூபாய். அந்தக் காலத்துக்கு மலைக்க வைக்கும் தொகை.

ஆர்டர் கிடைத்தாச்சு. ஆனால் சகோதரர்கள் முன்னால் ஒரு சிக்கல் நின்றது.

என்ன சிக்கல்?

கேட்டால் சின்ன விஷயம் போலத் தெரியும். தமயந்தி என்ன டிரஸ் போட்டிருப்பாள்? சுபத்திரை எப்படிச் சேலை கட்டியிருப்பாள்? அரிச்சந்திரனின் மனைவி எந்த ஊர்ப் பெண்ணின் சாயலில் இருப்பாள்?

இந்தக் கதைகள் கேரளத்தில் கதகளியாக ஆடப்படும், தமிழ்நாட்டில் தெருக்கூத்தாக நடக்கும், வடக்கே ராம்லீலாவாக வரும். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு வேஷம். ஆனால் பரோடாவில் மாட்டும் படத்தை எல்லா ஊர்க்காரர்களும் பார்த்தவுடன் 'இது நம்ம சீதை' என்று ஏத்துக்கணும். மலையாளப் பெண்ணின் முண்டும் நேரியதும் கட்டிவிட்டால் மராத்தியர்களுக்கு அந்நியமாகத் தெரியும். மராத்தி உடை போட்டால் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள்.

அதனால் அண்ணனும் தம்பியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். புராண காலத்து உடையின் அடையாளம் எங்கேயாவது மிஞ்சி இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பது.

அந்தக் காலத்தில் பயணம் எப்படி இருந்தது?

இன்றைக்கு திருவனந்தபுரத்தில் ரயில் ஏறினால் நேராக மும்பையில் இறங்கலாம். 1888-ல் அது நடக்காது. திருவனந்தபுரத்துக்கு ரயிலே கிடையாது. பக்கத்தில் இருந்த திருநெல்வேலிக்கு 1876-லேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் திருவனந்தபுரத்துக்கு முதல் ரயில் வர 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது, கிளிமானூர்க்காரர் ஒருவர் ரயிலைப் பிடிக்கணும்னா முதலில் மாட்டு வண்டியிலோ படகிலோ நெடுந்தூரம் போயாகணும்.

ஆனால் அந்த ரயில் நிலையத்தை எட்டிவிட்டால் நாடே திறந்துவிடும். சென்னையிலிருந்து வந்த பாதையும் பம்பாயிலிருந்து வந்த பாதையும் ராய்ச்சூரில் 1871-ல் இணைந்துவிட்டன. வடக்கே பெரிய நகரங்கள் எல்லாம் தண்டவாளத்தால் கட்டப்பட்டிருந்தன. ஒரு ஓவியர் சில மாதங்களில் பல மொழி பேசும் ஊர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவது அந்தத் தலைமுறையில்தான் முதல்முறையாகச் சாத்தியமானது. ரவி வர்மாவின் ஓவியங்களை அந்த ரயில் பாதைகள் இல்லாமல் யோசிக்கவே முடியாது.

இன்னொரு விஷயம். அவருடைய ஓவியங்கள் வியன்னாவுக்கும் சிகாகோவுக்கும் கப்பலில் போயின. ஆனால் ஓவியர் ஒருமுறைகூட வெளிநாடு போனதில்லை. கடல் கடந்தால் சாதியை இழக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வலுவாக இருந்த காலம் அது. அவர் பார்த்த உலகம் முழுக்கத் தரைவழியில் எட்டிய இந்தியாதான்.

தேடியது கிடைத்ததா?

இல்லை. இதுதான் கதையின் முக்கியமான திருப்பம்.

வட இந்தியாவின் பல ஊர்களைச் சுற்றிய சகோதரர்களுக்கு, 'இதுதான் பழைய இந்திய உடை' என்று சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை. ஒரு ஊரில் பாவாடையும் முக்காடும், இன்னொரு ஊரில் பைஜாமா, வேறொரு ஊரில் வேறு கட்டு. பல இடங்களில் முகலாயர் காலத்து உடைகளின் சாயல் கலந்திருந்தது. பழைய கோயில் சிற்பங்களைப் பார்த்து வரையலாம் என்றால், அவற்றில் பெண்கள் மேலாடையே இல்லாமல் இருந்தார்கள். 19-ம் நூற்றாண்டின் இறுதியில், ஆங்கிலக் கல்வி பெற்ற மேல்தட்டுக் குடும்பங்களுக்கு அப்படி ஓர் ஓவியத்தைக் காட்ட முடியாத நிலை.

கிடைக்காததால் அவர்களே ஒரு முடிவு எடுத்தார்கள். பல பகுதிகளில் பல விதமாகக் கட்டப்பட்டாலும், துணி என்ற அளவில் எல்லோருக்கும் தெரிந்தது சேலை. அதையே புராணப் பெண்களின் உடையாக வைத்துக்கொண்டார்கள். மராத்திக் கட்டு பல ஓவியங்களில் வந்தது. தென்னிந்திய நகைகள் சேர்ந்தன. மராத்தி, பார்சி நாடகக் குழுக்களின் மேடை அமைப்பும் இந்த ஓவியங்களில் தெரிகிறது என்கிறார்கள் கலை வரலாற்றாசிரியர்கள். பாத்திரங்கள் நிற்கும் விதம், கை அசைவு, பின்னால் தொங்கும் திரை ஆகியவற்றைப் பார்த்தாலே அது புரியும்.

கிளிமானூருக்குத் திரும்பி, சுமார் இரண்டு வருஷத்தில் 14 ஓவியங்களையும் முடித்தார்கள். நளனும் தமயந்தியும், சந்தனுவும் மச்சகந்தியும், அர்ஜுனனும் சுபத்திரையும், விஸ்வாமித்திரரும் மேனகையும், துகில் உரியப்படும் திரௌபதி போன்றவை அந்த வரிசையில் வந்தவைதான். இயற்கைக் காட்சிகள் வரைவதில் தம்பி ராஜராஜ வர்மா கெட்டிக்காரர். அண்ணனின் பல ஓவியங்களில் பின்னணியில் தெரியும் மலையும் மரமும் நீரும் தம்பியின் கைவண்ணம்.

பயணத்தில் பார்த்த முகங்களை ரவி வர்மா வேறு விதமாகவும் பயன்படுத்தினார். 1889-ல் மைசூரு மன்னருக்காக வரைந்த ஓவியம் ஒன்றில் 11 பெண்கள் கூடி உட்கார்ந்து இசைக் கச்சேரி நடத்துவார்கள். நாயர் பெண், மராத்திப் பெண், முஸ்லிம் பெண் என ஒவ்வொருவரும் ஒவ்வொரு பகுதி, ஒவ்வொரு உடை. புராண ஓவியங்களில் எல்லா ஊரையும் ஒரே பெண்ணுக்குள் அடக்கியவர், இந்த ஓவியத்தில் அவர்களைத் தனித்தனியாக உட்கார வைத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தப் பயணம் அவருக்குள் என்ன செய்தது என்று தெரியும்.

சேலைக்குப் பின்னால் இருக்கும் திருவிதாங்கூர்

உடை என்பது ரவி வர்மாவின் சொந்த ஊரில் அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் இருக்கவில்லை. யார் எதை உடுத்தலாம் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது.

திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கும் மேலாடை அணியத் தடை இருந்தது. அதை எதிர்த்து இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளில் நடந்ததுதான் தோள்சீலைப் போராட்டம். பல பத்தாண்டுகள் நீடித்த அந்தப் போராட்டத்தின் முடிவில், 1859-ல் நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசு அனுமதி தந்தது. அப்போதும், உயர்சாதிப் பெண்கள் அணியும் பாணியில் அணியக் கூடாது என்று ஒரு நிபந்தனை. அந்த அறிவிப்பு வந்தபோது கிளிமானூர் அரண்மனையில் இருந்த ரவி வர்மாவுக்கு வயது 11.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவர் வரைந்த தேவிகள் எல்லோரும் ரவிக்கை போட்டு, சேலை கட்டி, உடம்பை மறைத்தபடி வந்தார்கள். இதை அவர் எந்த நோக்கத்தில் செய்திருந்தாலும், 'மரியாதைக்குரிய இந்தியப் பெண்' என்றால் இப்படித்தான் இருப்பாள் என்ற ஒரு பிம்பம் அதிலிருந்து உருவாகிவிட்டது.

அரண்மனைச் சுவரிலிருந்து வீட்டுச் சுவருக்கு

பரோடா ஓவியங்கள் மன்னரிடம் போய்ச் சேரும் முன் திருவனந்தபுரத்திலும், பிறகு பம்பாயிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. கூட்டம் அலைமோதியது. கதையாகக் கேட்ட சீதையும் திரௌபதியும் ரத்தமும் சதையுமாக எதிரில் நிற்பதைப் பார்த்த மக்களுக்கு அது புது அனுபவம்.

ஒரு ஓவியத்தை ஒருத்தர் வீட்டில்தான் மாட்ட முடியும். அச்சடித்தால் ஊருக்கே கொடுக்கலாம் என்ற யோசனையைப் பல வருஷங்களுக்கு முன்பே சொன்னவர் மாதவ ராவ். 1894-ல் ரவி வர்மா பம்பாயில் சொந்தமாக ஒரு அச்சகத்தை ஆரம்பித்தார். எந்திரங்களும் வல்லுநர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். கல்லில் படத்தை வரைந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று மாற்றி மாற்றி ஒரே தாளில் அச்சடிக்கும் முறை அது. சகுந்தலையின் பிறப்பைச் சொல்லும் படம் முதலில் வெளிவந்தது. லட்சுமியும் சரஸ்வதியும் பின்னாலேயே வந்தார்கள்.

வியாபாரம் நினைத்தபடி போகவில்லை. கடன் ஏறியது. 1896-ல் பம்பாயை பிளேக் நோய் தாக்கியது. 1899-ல் அச்சகம் லோனாவாலா பக்கத்தில் உள்ள மலவ்லிக்கு மாற்றப்பட்டது. பிறகு அங்கே வேலை பார்த்த ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடமே அதை விற்க வேண்டியதாயிற்று. ஓவியருக்குக் கையைச் சுட்ட தொழில்தான். ஆனால் படங்கள் நிற்கவில்லை. ரவி வர்மா மறைந்த பிறகும் அந்த அச்சகம் பல பத்தாண்டுகள் ஓடியது. 'ராஜா ஹரிச்சந்திரா' என்ற இந்தியாவின் முதல் முழுநீளப் படத்தை 1913-ல் எடுத்த தாதாசாகேப் பால்கே, சினிமாவுக்கு வரும் முன் வேலை பார்த்த இடங்களில் ரவி வர்மா அச்சகமும் ஒன்று.

கோயிலுக்கு வெளியே நின்றவர்களுக்கு?

ரவி வர்மா அச்சகம் தொடங்கிய 1894-ல், அவருடைய திருவிதாங்கூரில் மக்களில் பெரும்பகுதியினர் கோயிலுக்குள் நுழைய முடியாது. அங்கே ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ம் தேதி. இடையில் 42 வருஷங்கள்.

அந்த 42 வருஷத்தில், கருவறைப் பக்கமே போக முடியாத ஒருவர் சந்தையில் காசு கொடுத்து லட்சுமி படம் வாங்கி, வீட்டில் மாட்டி, விளக்கேற்றிக் கும்பிட முடிந்தது. இதைத் தடுக்க ஆள் இல்லை. சாமியைப் பார்க்கக் காத்திருக்கத் தேவையில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம். ரவி வர்மாவின் படங்களைப் பேசும்போது பலரும் முதலில் சொல்வது இந்த மாற்றத்தைத்தான்.

அதே நேரத்தில் அதன் மறுபக்கத்தையும் சொல்லியாகணும். வீட்டுக்கு வந்த அந்த தேவிக்கு வெளுத்த நிறம், மேல்தட்டுக் குடும்பத்துப் பெண்ணின் உடை, நகை. கும்பிடுபவருக்கும் படத்துக்கும் தோலின் நிறத்தில்கூட ஒற்றுமை இருக்காது. சாமி என்றாலே சிவந்த நிறம் என்ற எண்ணம் பதிந்துபோனதில் இந்த அச்சுப் படங்களுக்கும் பங்கு உண்டு என்ற விமர்சனம் இன்றும் தொடர்கிறது.

அந்தக் காலத்திலேயே எழுந்த விமர்சனம்

ரவி வர்மா இருந்தபோதே எதிர்ப்பு தொடங்கிவிட்டது. ஐரோப்பியப் பாணியைக் காப்பி அடிக்கிறார், இந்திய ஓவிய மரபு இதில் இல்லை என்றார்கள். கொழும்பில் பிறந்தவரும், இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகனுமான கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, ரவி வர்மாவின் ஓவியங்களில் நாடகத்தனம்தான் இருக்கிறது, தெய்வத்தன்மை இல்லை என்ற கருத்தில் எழுதினார். தரையில் படுத்துக்கொண்டு சகுந்தலை கடிதம் எழுதும் கோலத்தை சகோதரி நிவேதிதா கடுமையாகக் கண்டித்தார். வங்காளத்தில் உருவான புதிய ஓவியர் குழுவும் ரவி வர்மாவின் பாதையை விட்டு விலகியே நடந்தது.

விமர்சகர்கள் ஒரு பக்கம் எழுத, மக்கள் இன்னொரு பக்கம் படத்தை வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

தமிழ்நாட்டில் ரவி வர்மா

செட்டிநாட்டுப் பழைய வீடுகளுக்குப் போனால் சுவரில் ரவி வர்மா அச்சுப் படங்களை இன்றும் பார்க்கலாம். சில படங்களில் சேலை இருக்கும் இடத்தில் நிஜத் துணியும் ஜரிகையும் ஒட்டியிருப்பார்கள். அச்சில் வந்த சாமிக்கு வீட்டுப் பெண்கள் கையால் உடுத்திய புடவை அது.

பின்னாளில் கோவில்பட்டியில் தங்கி சாமி படங்கள் வரைந்த கொண்டையா ராஜுவும் அவருடைய சீடர்களும் தமிழ்நாட்டின் காலண்டர் படங்களுக்குத் தனி முகம் கொடுத்தார்கள். நாடகங்களுக்குத் திரை வரைந்த அனுபவம் கொண்டவர் அவர். சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போன காலண்டர்களில், ரவி வர்மா திறந்துவிட்ட வழி தெரியும். கூடவே நம்ம ஊர் முருகனும் மீனாட்சியும் சேர்ந்துகொண்டார்கள்.

2008-ல் சென்னை சில்க்ஸ் நெய்து வெளியிட்ட, சுமார் 40 லட்சம் ரூபாய் விலையுள்ள பட்டுச் சேலையில் இடம்பெற்றதும் ரவி வர்மா ஓவியங்கள்தான். 2020-ல் சுஹாசினி மணிரத்னத்தின் நாம் அமைப்புக்காக, புகைப்படக் கலைஞர் ஜி.வெங்கட்ராம் நடிகைகளை ரவி வர்மா ஓவியப் பெண்களாகவே நிற்கவைத்து எடுத்த காலண்டர் சமூக வலைதளங்களில் வைரலானது நினைவிருக்கலாம்.

கடைசிப் பயணங்கள்

1888-க்குப் பிறகும் சகோதரர்கள் ஊர் சுற்றுவதை நிறுத்தவில்லை. அரண்மனை அரண்மனையாக, ஊர் ஊராக ரயிலில் போய்க்கொண்டே இருந்தார்கள். தம்பி ராஜராஜ வர்மா 1895 முதல் 1904 வரை ஆங்கிலத்தில் எழுதிவைத்த டைரி பின்னாளில் புத்தகமாக வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் இரண்டு இந்திய ஓவியர்கள் எப்படிப் பயணம் செய்தார்கள், என்ன பார்த்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள அதுதான் முக்கியமான ஆவணம்.

1905-ல் தம்பி இறந்துபோனார். மைசூரு அரண்மனை கேட்ட புராண ஓவியங்களை அண்ணன் தனியாக முடிக்க வேண்டியிருந்தது. சீதையைக் காப்பாற்றப் போராடும் ஜடாயுவும், வழிவிடாத கடல் மேல் கோபத்தோடு அம்பு தொடுக்கும் ராமனும் அந்தக் கடைசி வருஷங்களில் வரைந்தவை. 1906 அக்டோபர் 2-ம் தேதி ரவி வர்மாவும் மறைந்தார்.

ஓவியங்களை எங்கே பார்க்கலாம்?

பரோடாவுக்காக வரைந்த ஓவியங்கள் பலவும் வதோதராவில் லட்சுமி விலாஸ் அரண்மனை வளாகத்தில் உள்ள மகாராஜா ஃபதேசிங் மியூசியத்தில் இருக்கின்றன. 11 பெண்களின் இசைக் கச்சேரி ஓவியம் மைசூரு ஜெகன்மோகன் அரண்மனையில் உள்ளது. அன்னத்தோடு பேசும் தமயந்தி ஓவியத்தைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தில் பார்க்கலாம். சென்னைக்காரர்கள் அவ்வளவு தூரம் போகணும்னு இல்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் ரவி வர்மாவின் ஓவியங்கள் இருக்கின்றன.

ரவி வர்மாவின் படைப்புகளை 1979-ல் மத்திய அரசு தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது. இந்த அங்கீகாரம் பெற்றவர்கள் மொத்தம் 9 ஓவியர்கள்தான். இவர்களின் ஓவியங்களை நாட்டுக்குள் விற்கலாம், வாங்கலாம். ஆனால் தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972-ன்படி விற்பனைக்காக வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கடல் தாண்டாத ஓவியரின் ஓவியங்களும் இப்போது சட்டப்படி கடல் தாண்ட முடியாது.

அடுத்த முறை சரஸ்வதி பூஜைக்குப் படத்தைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போது அந்தச் சேலையைக் கொஞ்சம் கவனிங்க. ஊரெல்லாம் தேடியும் புராண காலத்து உடை கிடைக்காமல் திரும்பி வந்த இரண்டு பேர், யோசித்து யோசித்துக் கட்டிவிட்ட சேலை அது.